எலும்புக்குள் வைக்கும் கிருமிக்கொல்லிப் பீங்கான் தூள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில், எலும்பு சிகிச்சைக்கான பீங்கான் தூள் செய்யும் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். கிருமியைக் கொல்ல வெள்ளி, துத்தநாகம் போன்ற உலோகத்தைக் கொஞ்சமாகக் கலந்து, நானோ அளவில் செய்யும் தூள் அது. ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் பலர் எலும்பு ஆபரேஷன் என்றால் இங்கேதான் வருகிறார்கள். வந்தால் எங்கள் வீட்டில் தங்குவார்கள், தங்கினால் கேட்பார்கள். அப்புறம் அல்சூரில் இருக்கும் தெரிந்தவர்கள், புராஜெக்ட் செய்யும் எம்.எஸ்சி. பிள்ளைகள். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை அவரவர் கேட்டபடியே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். நான் தூள் செய்பவள், டாக்டர் இல்லை. வைத்தியம் பற்றிய முடிவை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

1. கால்ல வைக்கிறது இரும்பு ராடு, பிளேட்டு. இதுல பீங்கான் எங்கக்கா வந்துச்சு?

இரும்பு என்று பேச்சுக்குச் சொல்கிறோம். வைப்பது பெரும்பாலும் டைட்டானியக் கலவை அல்லது துருப்பிடிக்காத எஃகு. செயற்கை மூட்டுகளில் கோபால்ட்-குரோமியமும் உண்டு. பாரம் தாங்குவது அந்த உலோகம்தான். பீங்கான் அதன்மேல் மெல்லிய பூச்சாக வருகிறது. இடுப்பு மூட்டு மாற்றும்போது தொடை எலும்புக்குள் இறக்கும் தண்டின்மேல் ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற பீங்கானைப் பூசுவது 1980களின் நடுவிலேயே தொடங்கிவிட்டது. எலும்பு அந்தப் பூச்சைப் பிடித்துக்கொண்டு வளரும்.

எலும்பில் பள்ளம் விழுந்த இடத்தை நிரப்பும் குருணையாகவும், பல் டாக்டர் தாடையில் வைக்கும் பொடியாகவும் அதே பொருள் வருகிறது. இடுப்பு மூட்டின் பந்தையே அலுமினாப் பீங்கானில் செய்வதும் உண்டு. பிரான்சில் பியேர் பூத்தான் 1970ல் தொடங்கிவைத்தது. அது தேயாமல் வழுக்க வேண்டும் என்பதற்காகச் செய்யும் வேறு ரகம். இங்கே பேசுவது எலும்போடு ஒட்டும் ரகத்தைப் பற்றி.

2. எலும்பும் பீங்கானும் ஒண்ணுன்னு சொல்றீங்களா? கேக்கவே ஒரு மாதிரி இருக்கே.

ஒன்றேதான் என்று சொல்லவில்லை, நெருங்கிய உறவு. எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கனிமம். அந்தக் கனிமம் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்ஸிஅபடைட்டின் ஒரு வடிவம். மீதி கொலாஜன் என்ற புரதமும் தண்ணீரும். ஆய்வகத்தில் செய்யும் தூய ஹைட்ராக்ஸிஅபடைட்டில் 10 கால்சியத்துக்கு 6 பாஸ்பரஸ், அதாவது 1.67 என்ற விகிதம். எலும்பில் இருப்பது இவ்வளவு சுத்தமாக இருக்காது. அதில் கார்பனேட், மெக்னீசியம், சோடியம், கொஞ்சம் துத்தநாகம் எல்லாம் கலந்திருக்கும். இந்தக் கலப்படம் பின்னால் முக்கியமாக வரும்: நாம் உலோகம் கலப்பதற்கு முன்பே உடம்பு அந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

3. நானோன்னு பேர் வெச்சா விலையை ஏத்தலாம், அதுக்குத்தானே?

கடையில் விற்கும் பல சாமான்களுக்கு உங்கள் சந்தேகம் சரி. இங்கே காரணம் இருக்கிறது. 1 முதல் 100 நானோமீட்டர் வரையான துகளை நானோ என்கிறோம் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர்). எலும்பில் உள்ள கனிமப் படிகங்களின் கனமே சில நானோமீட்டர்தான், நீளம் சில பத்து நானோமீட்டர். ஆக அதே அளவில் தூள் செய்தால் உடம்பின் செல்களுக்குப் பழக்கமான மேற்பரப்பு கிடைக்கிறது.

இன்னொன்று, துகள் சிறுத்தால் மேற்பரப்பு கூடும். 5 மைக்ரோமீட்டர் துகளை 50 நானோமீட்டராக்கினால், ஒரு கிராம் தூளின் மேற்பரப்பு 100 மடங்காகிறது. கிருமியைக் கொல்லும் உலோக அயனிகள் (மின்னேற்றம் உள்ள அணுக்கள்) அந்த மேற்பரப்பு வழியாகத்தான் வெளியே வரும். சிக்கலும் அதனாலேயே வருகிறது. இவ்வளவு சிறிய துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். 'நானோத் தூள்' என்று எழுதிய பாட்டிலுக்குள் மைக்ரோமீட்டர் கட்டிகள் இருப்பது சர்வசாதாரணம்.

4. ஆபரேஷன் தியேட்டர்ல எல்லாம் சுத்தமாத்தானே இருக்கும்? அப்புறம் எப்படி சீழ் பிடிக்குது?

தியேட்டரில் எவ்வளவு சுத்தம் பார்த்தாலும் நோயாளியின் தோலை வெளியே கழற்றி வைத்துவிட்டு வர முடியாது. ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற கிருமி எல்லோர் தோலிலும் இருக்கிறது. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் மூக்கில் குடியிருக்கிறது. எலும்பு இம்பிளான்ட்டில் (உள்ளே வைக்கும் ராடு, பிளேட், மூட்டு) வரும் தொற்றுகளில் பெரும்பங்கு இந்த இரண்டின் வேலை. சில சமயம் ஆபரேஷன் முடிந்து வருடக்கணக்கில் கழித்து, சொத்தைப் பல்லிலிருந்தோ சிறுநீர்த் தொற்றிலிருந்தோ ரத்தம் வழியாகவும் வந்து சேரும்.

முதல்முறை இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றுபவர்களில் 100க்கு ஒன்றிரண்டு பேருக்கு இது வருகிறது. ஆனால் பைக் விபத்தில் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, மண்ணும் ஆயிலும் படிந்து, அதற்கு ராடு வைத்தால் கணக்கே வேறு. மோசமான திறந்த முறிவுகளில் 10 பேரில் ஒருவருக்கு மேல் சீழ் பிடிப்பது அபூர்வமல்ல.

உடம்புக்குள் ஓர் அந்நியப் பொருள் இருந்தாலே கிருமிக்குக் கொண்டாட்டம். 1957ல் எலெக், கோனென் என்ற இருவர், சம்மதித்தவர்களின் தோலில் ஸ்டெஃபிலோகாக்கஸைச் செலுத்திப் பார்த்தார்கள். வெறும் தோலில் சீழ் பிடிக்கப் பல லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. ஒரு பட்டு நூல் தையல் போட்டிருந்த இடத்தில் சில நூறே போதுமாக இருந்தது. இந்தச் 'சில நூறு' என்ற எண்ணை நினைவில் வையுங்கள், 11வது கேள்வியில் தேவைப்படும்.

5. சீழ் பிடிச்சா ஆன்டிபயாட்டிக் போட்டா சரியாயிடும்ல?

ராடு இல்லாத இடத்தில் பெரும்பாலும் சரியாகும். ராடு இருந்தால் கிருமி அதன்மேல் ஒட்டி, தன்னைச் சுற்றிப் பசைப்படலம் ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. பயோஃபிலிம் என்பார்கள். அதற்குள் இருக்கும் கிருமியைக் கொல்ல, தனித்து மிதக்கும் கிருமிக்கு வேண்டியதைப்போல் நூறு, ஆயிரம் மடங்கு மருந்து வேண்டியிருக்கும். அவ்வளவு மருந்தை மனித உடம்பு தாங்காது. ராடுக்குள் ரத்த ஓட்டமும் இல்லை, மருந்து எந்த வழியாகப் போய்ச் சேரும்? கடைசியில் திறந்து, சுரண்டிக் கழுவி, பல நேரம் ராடையே எடுத்துவிட்டு, வாரக்கணக்கில் மருந்து கொடுத்து, மறுபடி வேறு வைக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்க எலும்பு மருத்துவர் அந்தோணி கிரிஸ்டினா 1987ல் இதை இம்பிளான்ட் மேற்பரப்பைப் பிடிக்க நடக்கும் ஓட்டப்பந்தயம் என்று எழுதினார். எலும்புச் செல் முதலில் வந்து அமர்ந்தால் கிருமிக்கு இடமில்லை. கிருமி முந்திவிட்டால் எலும்பு ஒட்டாது. நாங்கள் செய்யும் தூளின் வேலை இந்தப் பந்தயத்தில் ஒரு தரப்புக்குக் கால் இடறச் செய்வது.

6. உலோகம் கலக்குறதுன்னா வெள்ளிப் பொடியை மேல தூவுறதா?

இல்லை. படிகம் உருவாகும்போதே அதன் உள்ளே சேர்ப்பது. பந்தியில் இலை போட்டு வரிசையாகக் கால்சியங்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கங்கே ஒரு கால்சியத்தை எழுப்பிவிட்டு, அந்த இலையில் வெள்ளியையோ துத்தநாகத்தையோ உட்கார வைக்கிறோம். கால்சிய அயனியின் ஆரம் சுமார் 100 பிகோமீட்டர். துத்தநாகம் 74, செம்பு 73: சின்ன ஆள், பக்கத்தில் இருப்பவர்கள் உள்ளே நெருங்குவார்கள். வெள்ளி 115, ஸ்ட்ரான்சியம் 118: பெரிய ஆள், இரண்டு பக்கமும் இடிப்பார். கூட்டம் கூடினால் வரிசையே கலையும். அதனால் கலப்பது பெரும்பாலும் கால்சியத்தில் 100க்குச் சில பங்கு மட்டுமே. வெள்ளிக்கு இன்னொரு தொல்லை: கால்சியத்துக்கு மின்னேற்றம் இரண்டு, வெள்ளிக்கு ஒன்று. விட்டுப்போன ஒன்றைப் படிகம் வேறெங்காவது ஈடுகட்ட வேண்டும்.

செய்முறை கேட்க எளிது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் வேண்டிய அளவு வெள்ளி நைட்ரேட்டோ துத்தநாக நைட்ரேட்டோ கலந்து, அதில் அம்மோனியம் பாஸ்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அம்மோனியா ஊற்றி பிஎச்சை (கார அளவை) 10க்கு மேல் பிடித்துவைக்க வேண்டும். ஆய்வகமே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடும் நெடி. வெண்மையாகப் படிவதை ஊறவைத்து, வடிகட்டி, நன்றாகக் கழுவி, காயவைத்து, சூளையில் சுட வேண்டும். வெள்ளி என்றால் வெளிச்சம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தூளின் நிறமே பாதி சேதி சொல்லிவிடும். மஞ்சளடித்தால் வெள்ளி படிகத்துக்குள் போகாமல் வெள்ளி பாஸ்பேட்டாகத் தனியே நிற்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். சுட்டபின் சாம்பல் நிறம் வந்தால் உலோக வெள்ளியாகப் பிரிந்திருக்கலாம். செம்பு கலந்தது இளநீலமாகவோ பச்சையாகவோ இருக்கும். படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே விளிம்பு விலகல் சோதனை எடுத்துப் பார்த்துத்தான் உறுதி சொல்ல முடியும்.

7. எது பெஸ்ட்? வெள்ளியா, செம்பா, துத்தநாகமா?

எல்லோரும் ஒரே சொல்லில் பதில் எதிர்பார்க்கும் கேள்வி இது. வெள்ளிதான் வீரியமானது. மிகக் குறைந்த அளவிலேயே பலவகைக் கிருமிகளைக் கொல்லும். ஆனால் உடம்பில் வெள்ளிக்கென்று எந்த வேலையும் கிடையாது. துத்தநாகம் சாது. ஒரு மனித உடம்பில் 2 முதல் 3 கிராம் வரை இருக்கிறது, எலும்பு உருவாகவும் உதவுகிறது. கிருமியைக் கொல்லும் வேகம் மட்டும் மந்தம். செம்பு புதிய ரத்தக்குழாய் முளைக்கத் தூண்டும், அது எலும்பு ஆறுவதற்கு நல்லது. ஆனால் அளவு கொஞ்சம் மீறினாலும் செல்களைக் கொல்லும்.

ஸ்ட்ரான்சியம் தனியாகப் பெரிய கிருமிக்கொல்லி அல்ல, எலும்புக்கு நண்பன். ஸ்ட்ரான்சியம் ரானலேட் எலும்புத் தேய்வுக்கு மருந்தாகவே கொடுக்கப்பட்டு, இதயக் கோளாறு அபாயம் தெரிந்தபின் கட்டுப்படுத்தப்பட்டது. காலியம் ஒரு தந்திரக்காரர். பார்க்க இரும்பு அயனியைப்போலவே இருப்பதால் கிருமி ஏமாந்து உள்ளே இழுத்துக்கொள்ளும், இரும்பு செய்யும் வேலையை அது செய்யாது. எனக்கு இதில் பிடித்தது காலியம்தான். ஆனால் விலையும் அனுபவக் குறைவும் சேர்ந்து இன்னும் பலரை வெள்ளி, துத்தநாகம் பக்கமே நிறுத்தியிருக்கின்றன.

நேரடியாகக் கேட்டால், திறந்த முறிவு போன்ற ஆபத்தான இடத்துக்கு மிகக் குறைந்த வெள்ளி, மற்ற இடங்களுக்குத் துத்தநாகம் என்பது என் சாய்வு. வேறு ஆய்வகத்தில் கேட்டால் வேறு பதில் வரும்.

8. செம்புக் குடத்துத் தண்ணி, வெள்ளி டம்ளர்ல பால்… பாட்டி சொன்னது இதானே? அப்போ வெள்ளி பஸ்பம் சாப்பிட்டா எலும்புக்குப் போகாதா?

முதல் பாதிக்கு ஆதாரம் உண்டு. பெங்களூரில் உள்ள ஆயுர்வேத ஆய்வு நிறுவனம் ஒன்றின் விஞ்ஞானிகள், செம்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்த தண்ணீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் அழிந்ததை 2012ல் வெளியிட்டார்கள். கரைந்து வரும் செம்பு அயனியின் வேலை அது.

பஸ்பம் வேறு கதை. விழுங்கிய வெள்ளி ராடு இருக்கும் இடத்தைத் தேடிப் போய் உட்காராது. நீண்டநாள் வெள்ளி உள்ளே போனால் தோல் சாம்பல்நீலமாகும், ஆர்ஜிரியா என்று பெயர், அந்த நிறம் போகாது. பூச்சின் சிறப்பே வேண்டிய இடத்தில், மிகக் கொஞ்சமாக, வேண்டிய நாட்களுக்கு மட்டும் கொடுப்பதில் இருக்கிறது.

9. அந்த அயனி கிருமியை என்னதான் பண்ணுது?

கிருமியின் சுவருக்கு எதிர்மின்னேற்றம், உலோக அயனிக்கு நேர்மின்னேற்றம். ஆகவே முதலில் ஒட்டுகிறது. பிறகு சவ்வை ஓட்டையாக்குகிறது. உள்ளே போன வெள்ளி, நொதிகளில் உள்ள கந்தகத் தொகுதிகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சுவாசச் சங்கிலியை நிறுத்துகிறது. தறிகெட்ட ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி டிஎன்ஏவையும் தாக்குகின்றன. பெரும்பாலான ஆன்டிபயாட்டிக் ஓரிடத்தில் அடிக்கும், உலோக அயனி ஒரே நேரத்தில் பல இடத்தில் அடிக்கும்.

10. அது கிருமியைக் கொல்லும்னா நம்ம செல்லை மட்டும் சும்மா விடுமா?

விடாது. கந்தகம் உள்ள நொதிகள் நம் செல்லிலும் இருக்கின்றன. இந்தத் துறையின் முழுத் தலைவலியும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கும். கிருமியைக் கொல்லும் தூள் செய்வது கஷ்டமே இல்லை, வெள்ளியை அள்ளிப் போட்டால் தட்டில் எதுவும் பிழைக்காது. எலும்புச் செல்லும் பிழைக்காது.

கிருமி சாகத் தொடங்கும் அளவுக்கும் எலும்புச் செல் சாகத் தொடங்கும் அளவுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. வெள்ளிக்கும் செம்புக்கும் அது குறுகலானது, துத்தநாகத்துக்குக் கொஞ்சம் அகலம். தூளில் எவ்வளவு கலந்தோம் என்பதைவிட, அதிலிருந்து நாளுக்கு எவ்வளவு வெளியே வருகிறது என்பதுதான் அந்தச் சந்துக்குள் நிற்கிறோமா என்று தீர்மானிக்கிறது. கலப்படம் கூடினால் படிகம் கோணி, கரைவது வேகமாகும். சூளையில் அதிக வெப்பத்தில் சுட்டால் படிகம் இறுகிக் கரைவது குறையும். ஒரே அளவு வெள்ளி கலந்த இரண்டு தூள்கள், சுட்ட வெப்பநிலை மாறியதால் மட்டுமே எதிரெதிராக நடந்துகொள்ளலாம்.

வெளிவரும் வேகம் நாளுக்கு நாள் மாறவும் வேண்டும். கிருமி முந்தப் பார்ப்பது முதல் சில மணி நேரத்திலும் முதல் சில நாட்களிலும்தான், அப்போது தாராளமாக வரட்டும். எலும்புச் செல்கள் குடியேறிப் புது எலும்பு கட்டுவது வாரக்கணக்கில் நடக்கும், அதற்குள் அடங்கிவிட வேண்டும். செல் நச்சுக்கான ஐஎஸ்ஓ 10993-5 தரநிலைப்படி, உயிரோடு இருக்கும் செல்கள் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தப் பொருள் நச்சு. கிருமிச் சோதனையை ஒரு தூளிலும் செல் சோதனையை வேறு செறிவிலும் செய்து இரண்டிலும் வெற்றி என்று எழுதும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஒரே தூள், ஒரே செறிவு, இரண்டு சோதனை. அதைத்தான் நான் தேடிப் படிப்பேன்.

11. 99.9 சதவீதம் கிருமி ஒழிஞ்சதுன்னு கட்டுரையிலேயே போட்டிருக்காங்களே, இதுக்கு மேல என்ன வேணும்?

ஆரம்பத்தில் எத்தனை இருந்தன என்று கேளுங்கள். 10 லட்சத்தில் 99.9 சதவீதம் போனால் 1,000 மிச்சம். 4வது கேள்வியில் சொன்ன பட்டு நூல் சோதனையில் சில நூறே சீழ் பிடிக்கப் போதுமாக இருந்தது. தோலில் நடந்ததை அப்படியே எலும்புக்குப் பொருத்த முடியாதுதான், ஆனால் 99.9 என்பது பெரிய எண் போலத் தோன்றுவது எவ்வளவு ஏமாற்று என்று புரியும்.

சோதனை எதில் நடந்தது என்பதும் முக்கியம். ரத்தத்திலும் திசுநீரிலும் குளோரைடு நிறைய. வெள்ளி அயனி குளோரைடைக் கண்டால் கரையாத வெள்ளி குளோரைடாகிப் பெருமளவு படிந்துவிடும். மீதியைப் புரதம் பிடித்துக்கொள்ளும். வெறும் நீரில் புலியாக இருந்த தூள் சீரம் சேர்த்ததும் பூனையாவது இதனால்தான். அப்புறம், மிதக்கும் கிருமியைக் கொன்றதா, 5வது கேள்வியில் சொன்ன பசைப்படலம் கட்டிய கிருமியைக் கொன்றதா என்றும் பார்க்க வேண்டும்.

12. அக்கா, என் தூளுக்கு அகார் தட்டுல வளையமே வரல. கைடு திட்டுறாரு. தூள் வேஸ்ட்டா?

அவசரப்படாதே. தூளைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் வர வேண்டுமென்றால் அயனி அகாரில் (கிருமி வளர்க்கும் கூழில்) பரவ வேண்டும். படிகத்துக்குள் கெட்டியாக உட்கார்ந்த அயனி அவ்வளவு பரவாது. தொட்ட கிருமியை மட்டும் கொல்லும் தூளுக்கு வளையம் வராது. மாறாக, சரியாகக் கழுவாத தூளில் மிச்சமிருக்கும் வெள்ளி நைட்ரேட் அழகான வளையம் தரும், அதை நம்பிக் கொண்டாடவும் கூடாது.

தட்டில் வளரும் கிருமித் திட்டுகளை, அதாவது காலனிகளை, எண்ணிப் பார். கலங்கலை அளந்து கணக்குப் போடாதே, உன் தூளே கலங்கலாகத்தான் தெரியும். உலோகம் கலக்காத வெறும் ஹைட்ராக்ஸிஅபடைட்டை ஒப்பீட்டுக்குக் கட்டாயம் வை. கரைசலின் பிஎச் எவ்வளவு ஏறியது என்றும் பார்த்து எழுது, ஏனென்றால் காரம் ஏறினாலே சில கிருமிகள் சாகும். எவ்வளவு அயனி வெளியேறியது என்பதை ஐசிபி கருவியில் அளந்துவிட்டால் கைடு திட்டுவதற்குப் பாதி காரணம் போய்விடும்.

13. ராடு மேல இதை எப்படி ஒட்டுறாங்க? பெயிண்ட் அடிக்கிற மாதிரியா?

மருத்துவமனைக்கு வரும் பூச்சுகளில் பெரும்பாலானவை பிளாஸ்மாச் சுடரில் தூளை உருக்கித் தெளித்தவை. சுடரின் நடுவெப்பம் 10,000 டிகிரியைத் தாண்டும். துகள் ஒரு நொடியின் சிறு பகுதியே அதில் இருந்தாலும் நாம் பாடுபட்டுச் செய்த நானோ வடிவம் உருகிப் போகலாம், படிகத்தின் ஒரு பகுதி வேறு பாஸ்பேட்டாக மாறவும் செய்யும். அதனால் மின்புலத்தில் துகளை நகர்த்திப் படியவைப்பது, கூழ்மக் கரைசலில் முக்கி எடுத்துச் சுடுவது போன்ற குளிர்ந்த வழிகளை ஆய்வகங்கள் முயல்கின்றன. அவற்றில் நானோ பிழைக்கும், ஒட்டும் பலம் குறையும். எலும்புக்குள் சுத்தியால் தட்டி இறக்கும்போது பூச்சு உரிந்துவிடக்கூடாது. இந்த இடத்தில் தேங்கிப்போன நல்ல தூள்கள் ஏராளம்.

14. உதிர்ந்து ரத்தத்துல கலந்துட்டா?

ஹைட்ராக்ஸிஅபடைட் துகளை விழுங்கும் செல்கள் உள்ளே இழுத்து, தம் அமிலத்தில் மெல்லக் கரைத்துவிடும். கால்சியமும் பாஸ்பேட்டும் உடம்புக்குத் தெரிந்த சரக்கு. துத்தநாகமும் உடம்பின் கணக்கில் சேர்ந்துவிடும். வெள்ளி பெரும்பாலும் கல்லீரல் வழியாகப் பித்தத்தில் கலந்து மலத்தோடு போகும், மிச்சம் திசுக்களில் தங்கலாம். அதனால்தான் வெள்ளி பூசிய பெரிய மூட்டுகள் வைத்தவர்களின் ரத்தத்தில் வெள்ளி அளவைப் பார்த்துவந்தார்கள். சிலருக்கு அந்த இடத்துத் தோல் நிறம் மாறியதும் பதிவாகியிருக்கிறது.

செல்லுக்குள் துகள் கரையும்போது அயனி மொத்தமாக அங்கேயே கொட்டும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளியே இருக்கும் திரவத்தில் அளவு குறைவு என்பதால் செல்லுக்குள்ளும் குறைவு என்று அர்த்தமில்லை.

15. ஆன்டிபயாட்டிக்குக்குப் பழகின மாதிரி கிருமி இதுக்கும் பழகிடாதா?

பல இடத்தில் அடிப்பதால் பழகுவது கடினம். முடியவே முடியாது என்று சொல்வது தவறு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் வெள்ளி நைட்ரேட்டுக்கு மசியாத சால்மோனெல்லாவை 1975லேயே அறிவித்தார்கள். அந்த எதிர்ப்பைத் தரும் மரபணுக்கள் ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியவை என்று பிறகு தெரிந்தது. கால்நடைகளில் காணும் எம்ஆர்எஸ்ஏ (மெதிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ்) வகை ஒன்றில், துத்தநாகத்தைத் தாங்கும் மரபணுவும் மெதிசிலினைத் தாங்கும் மரபணுவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. தீவனத்தில் துத்தநாகத்தைக் கொட்டினால் ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிருமியையும் சேர்த்தே வளர்க்கிறோம். கொல்லாத அளவு அயனி நீண்டநாள் கசிவதுதான் மோசம் என்று 10வது பதிலோடு சேர்த்துப் படியுங்கள்.

16. வெள்ளியும் துத்தநாகமும் ரெண்டையும் சேர்த்தா டபுள் பவரா?

சில சமயம் கூடும், சில சமயம் ஒன்றை ஒன்று தடுக்கும். இரண்டும் படிகத்தில் அதே கால்சிய இடங்களுக்குத்தான் போட்டி போடுகின்றன. நல்ல சேர்க்கை, இரண்டும் வேறு வேறு வேலை செய்யும் சேர்க்கை: கிருமிக்கு வெள்ளி, எலும்புக்கு ஸ்ட்ரான்சியம் என்பதுபோல. ஆனால் ஒவ்வோர் உலோகம் கூடும்போதும் சோதனைகளின் எண்ணிக்கை பெருகுகிறது. நான்கு உலோகம் சேர்த்த தூள் கட்டுரைக்கு அழகு, அனுமதி வாங்கப் போனால் நரகம்.

17. அப்பாவுக்கு அடுத்த வாரம் முழங்கால் மூட்டு மாத்துறாங்க. இந்தக் கோட்டிங் போட்டதா கேட்டு வாங்கலாமா?

வழக்கமாக வைக்கும் முழங்கால் மூட்டில் இது கிடையாது. ஜப்பானில் சாகா பல்கலைக்கழகமும் கியோசெராவும் உருவாக்கிய, வெள்ளி கலந்த ஹைட்ராக்ஸிஅபடைட் பூசிய இடுப்பு மூட்டு அங்கே நோயாளிகளுக்கு வைக்கப்படுகிறது. ஐரோப்பாவில் எலும்புப் புற்றுக்கட்டி எடுத்தவர்களுக்கு வெள்ளி பூசிய பெரிய மூட்டுகள் உண்டு. ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த எலும்பு சிமென்ட் 1970 வாக்கில் ஜெர்மனியில் புச்ஹோல்ஸ் தொடங்கியது, அது இங்கும் கிடைக்கும். முழங்காலுக்கு சிமென்ட் போடுவதாக இருந்தால் அதைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம்.

உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, பல்லில் சீழ் இருக்கிறதா, தோலில் புண் இருக்கிறதா, சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று முன்பே சொல்லிவிடுங்கள். பீடி, சிகரெட் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். மூக்கில் ஸ்டெஃபிலோகாக்கஸ் இருக்கிறதா என்று பரிசோதிப்பார்களா, கத்தி வைக்கும் முன் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி போடுவார்களா என்று கேட்பதில் தப்பில்லை. முழங்கால் மூட்டுக்கு 2017 ஆகஸ்டில் அரசு விலை உச்சவரம்பு வைத்தது. 'நானோ கோட்டிங்' என்று சொல்லித் தனியாகப் பணம் கேட்டால் பில்லில் எழுதச் சொல்லுங்கள். மூட்டின் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் ஃபைலில் ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

18. எம்ஆர்ஐ எடுக்கலாமா?

பூச்சால் எந்த மாற்றமும் இல்லை. அடியில் இருக்கும் உலோகம் எது என்பதுதான் கேள்வி. மேலே சொன்ன ஸ்டிக்கரைக் காட்டினால் ஸ்கேன் சென்டரில் சொல்லிவிடுவார்கள்.

19. ஆய்வகத்துல இத்தனை தூள் இருக்கே, ஏன் இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரல?

இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மருத்துவ உபகரண விதிகளின்படி, அபாயத்தைப் பொறுத்து ஏ முதல் டி வரை நான்கு வகுப்பு. உடம்புக்குள் நீண்டநாள் தங்கும் இம்பிளான்ட்கள் மேல் வகுப்புகளில் வரும், மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் போக வேண்டும். கிருமியைக் கொல்கிறது என்று சொன்ன உடனே இது உபகரணமா மருந்தா என்ற விவாதமும் கிளம்பும். நானோ என்றால் கூடுதல் சோதனைகள்.

இதையெல்லாம்விடப் பெரிய தடை வெறும் கணக்கு. தொற்று 100க்கு ஒன்று என்று வைப்போம். அதைப் பாதியாக்குகிறது என்று நிரூபிக்க, வழக்கமான புள்ளியியல் அளவுகோலில் பூச்சு உள்ளவர்கள் 4,600க்கு மேல், இல்லாதவர்கள் அதே அளவு தேவை. இத்தனை பேரை வருடக்கணக்கில் பின்தொடர யார் பணம் கொடுப்பார்கள்? அதனால்தான் மனிதரில் சோதிப்பவர்கள் தொற்று அதிகம் வரும் இடத்தில் தொடங்குகிறார்கள்: திறந்த முறிவு, புற்றுக்கட்டி, இரண்டாம் முறை மூட்டு மாற்றுவது. அங்கே சில நூறு பேரிலேயே வித்தியாசம் தெரிந்துவிடலாம்.

20. வெச்சு அஞ்சு வருஷம் ஆச்சு. இப்போ வேற எங்கேயோ இருந்து கிருமி வந்தா அந்தப் பூச்சு காப்பாத்துமா?

நம்பி இருக்க முடியாது. 10வது பதிலில் சொன்னபடி பூச்சை வடிவமைப்பதே முதல் சில வாரங்களுக்குத்தான். அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் அயனிமேல் புது எலும்பு மூடிவிடும், அப்படி மூட வேண்டும் என்பதுதான் நம் ஆசையும்.

ஒரு சின்ன வாய்ப்பு இருக்கிறது. கிருமி பெருகும் இடம் அமிலமாகும், ஹைட்ராக்ஸிஅபடைட் அமிலத்தில் கூடுதலாகக் கரையும், கரைந்தால் உள்ளே மிச்சமுள்ள அயனி வெளியே வரும். தேவைப்படும்போது தானே திறக்கும் பூச்சு என்று இதை வைத்துப் பலர் வேலை செய்கிறார்கள். ஆனால் அதே அமிலம் எலும்பையும் கரைக்கும், ஐந்து வருடத்தில் எவ்வளவு அயனி மிச்சமிருக்கும் என்பதும் பூச்சுக்குப் பூச்சு மாறும். ஆகவே மூட்டு வைத்த இடத்தில் புதிதாக வலி, வீக்கம், சூடு, நீர் கசிவது எது வந்தாலும், பூச்சு உள்ளதோ இல்லாததோ, மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாமல் நேராக ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்கள். முன்கூட்டியே மருந்து போட்டுவிட்டால் மூட்டிலிருந்து எடுக்கும் நீரில் கிருமி வளராமல் போகலாம், எந்தக் கிருமி என்று தெரியாமலே வைத்தியம் செய்ய வேண்டிவரும்.